பதினோராம் நாள்

பத்து நாள் என்னால் முடியும்.
என் வாதம், வக்கீல், சாட்சி எல்லாம் அதுதான்.
ஒவ்வொரு தை மாதமும்
கொடி ஏறியதும் காப்புக் கட்டிக்கொள்வேன்.
மீன் இல்லை, முட்டை இல்லை, பாய் தனி,
ஒரு சொட்டு ரம் இல்லை.
'குடிகாரனுக்கு இது ஆகுமா?' என்று
சுந்தரியிடம் கேட்பேன்.
காவடிக்கு எலுமிச்சை கோத்துக்கொண்டிருப்பாள்.
பதில் சொல்ல மாட்டாள்.

பதினோராம் நாள் காலை
நாக்கில் வேல் குத்திய துளை மூடியிருக்காது.
முதல் மடக்கு
வாய் முழுவதையும் விட்டுவிட்டு
நேரே அந்தத் துளையைத் தேடிப் போகும்.
எரியும்.
அந்த எரிச்சலைக்கூட
முருகன் கணக்கில்தான் எழுதினேன்.

ரோஸ்-பெல் தடத்தில் பதினாறு வருஷம் கண்டக்டர்.
சில்லறைப் பைக்குள், டிக்கெட் சுருளுக்கு அடியில்
கால் பாட்டில்.
மூச்சைப் பிடித்துக்கொண்டு மிச்சக் காசு கொடுப்பேன்.
கரும்புக்காட்டு வளைவுகளில்
எல்லோரும் ஆடுவார்கள், நானும் ஆடுவேன்,
யாருக்குத் தெரியப்போகிறது என்றிருந்தேன்.
எல்லோருக்கும் தெரிந்திருந்தது.
பள்ளிக்கூடப் பிள்ளைகள் எனக்கு ஒரு பேர்கூட வைத்திருந்தார்கள்.
அதை இங்கே சொல்ல மாட்டேன்.

பிப்ரவரியில் புயல்.
ரேடியோ இரண்டாம் எச்சரிக்கை சொன்னது.
தபாஜிக் கடையில் ஊரே வரிசை:
ரொட்டி, மெழுகுவத்தி, சார்டின் டப்பா.
சுந்தரி எழுதிக் கொடுத்த சீட்டு என் சட்டைப் பையில்.
என் முறை வந்தது.
சீட்டை எடுக்கவே இல்லை.
இரண்டு பாட்டில்.
கடைக்காரர் ஆ-கியோங் என் முகத்தைப் பார்த்தார்.
தானாகவே ஒரு மெழுகுவத்தி எடுத்து வைத்தார்.
'வீட்டில் இருக்கு' என்றேன்.

ராத்திரி மின்சாரம் போனது.
சின்னவள் லோவினாவுக்குக் காய்ச்சல்.
தகரம் ஊளையிட்டது.
சுந்தரி இருட்டில் துழாவி
என் பாட்டிலை எடுத்தாள்,
அகலில் ஊற்றித் திரி போட்டாள்.
குச்சியைக் கிழித்தாள்.
எரிந்தது, நீலமாக.
தெர்மாமீட்டர் தெரியவில்லை.
பிள்ளையின் முகம் தெரியவில்லை.
நீலம் மட்டும் தெரிந்தது.
'அப்பா, அழகா இருக்கு' என்றாள் லோவினா.
சுந்தரி அணைந்ததும் ஊற்றினாள்,
அணைந்ததும் ஊற்றினாள்.
நான்,
இதைத்தான் யாரிடமும் சொன்னதில்லை,
பாட்டிலில் இன்னும் எவ்வளவு இருக்கிறதென்று
பார்த்துக்கொண்டிருந்தேன்.

மாதா கோயிலுக்குப் பின்னால் ஓர் அறை.
செவ்வாய் சாயங்காலம்.
ஒன்பது பிளாஸ்டிக் நாற்காலி, ஏழு ஆள்,
ஆறிப்போன வனிலாத் தேநீர்.
ஒவ்வொருவராகக் கிரியோலில் சொன்னார்கள்.
என் முறை வந்தது.
'மோ என் அல்கோலிக்.'
கிரியோலில் 'என்' என்றால் 'ஒரு'.
ஒரு குடிகாரன். ஏழு பேரில் ஒருவன், அவ்வளவுதான்.
என் காதில் அது தமிழாக விழுந்தது.
என்.
என் குடிகாரன்.
பதினாறு வருஷமாக டிக்கெட் எடுக்காமல்
என்னோடு வந்துகொண்டிருந்தவன்.
யாரும் கை தட்டவில்லை.
மீன் விற்கும் மதாம் ஜோசியான்
பிஸ்கட் தட்டை என் பக்கம் நகர்த்தினாள்.

இன்று பதினோராம் நாள்.
காப்பு இல்லை, மேளம் இல்லை,
காலில் தண்ணீர் ஊற்ற யாரும் வாசலில் நிற்கவில்லை.
கை நடுங்குகிறது.
பைக்குள் காசுகள் தாமாகவே பேசிக்கொள்கின்றன.
தபாஜி நிறுத்தத்தில் பஸ் நிற்கத்தான் நிற்கிறது,
நாளுக்கு எட்டு முறை.
மணி அடிப்பவன் நான்.
ஐந்தாம் நடையில் கொஞ்சம் முந்தி அடித்துவிட்டேன்.
கீரைக்கூடைக்காரி ஒரு காலைப் படியில் வைத்தபடி
என் தாயையும் தகப்பனையும் இழுத்துத் திட்டினாள்.
இறங்கினேன். கூடையைத் தூக்கி உள்ளே வைத்தேன்.
அவள் கிட்டே வந்து, சந்தேகமாக,
மூக்கை உறிஞ்சிப் பார்த்தாள்.

நான் மூச்சைப் பிடிக்கவில்லை.