பெரிய பல்சக்கரம்

மசாவா கடலிலிருந்து அஸ்மாரா மேட்டுக்கு
பெரிய பல்சக்கரத்திலேயே ஏறினான் தெகெஸ்தே.
நிமிடத்துக்கு ஐம்பது மிதி.
ஒவ்வொன்றும்
கிணற்றிலிருந்து கல்லைத் தூக்குகிற மாதிரி.

பின்னால் கிடானே,
சின்னப் பல்லில் தொண்ணூறு.
"காப்பிக்கொட்டை அரைக்கிறான்" என்று
நெஃபாசித் வளைவில் சிரித்தார்கள்.
நாலு நிமிடம் பிந்தி வந்தான்.

முப்பத்தொரு வருஷம்.
தெகெஸ்தேயின் முட்டிக்குள் இப்போது
யாரோ சரளை மெல்கிறார்கள்.
தேவாலயப் படிகளை
நண்டாகப் பக்கவாட்டில் இறங்குகிறான்.

கோப்பை அலமாரி உச்சியில்.
ஸ்டூலில் ஏற முடியாது.

ஞாயிறுதோறும் கிடானே
சைக்கிளைச் சுவரில் சாய்த்துவிட்டு வந்து
ஏறித் துடைப்பான்.

"மறுபடி அந்தப் பந்தயம் வந்தால்
எந்தப் பல்?"

"அதே பெரியது,"
முட்டியைத் தேய்த்தபடி.

கிடானே அன்று
கொஞ்சம் அதிக நேரம் துடைத்தான்.