அரை மூச்சு

ஏழு வருஷம் ஓர்லா டெவானிக்கு நான் குரல்.
அவவுக்கு என்னைத் தெரியாது.
எனக்கு அவவின் கடைவாய்ப் பல்லில் அடைத்த வெள்ளி வரை தெரியும்.

வியாழன் இரவு மட்டக்களப்பில் ரயில் ஏறினால்
விடியக் கொழும்பு.
பிறகு பகல் முழுக்க
முட்டைத் தட்டு ஒட்டிய ஓர் அறை.
காதுக்குள் அவ இங்கிலீஷில் அழுவா,
நான் தமிழில் அழுவேன்.
அவ வாய் மூடுகிற இடத்தில்
என் சொல்லும் மூட வேணும்.
ஒருக்கா மன்னிப்புக் கேட்டா.
"மன்னிச்சுக்கொள்ளு" நீளம்,
அந்த வாய்க்குள் கொள்ளாது.
வெட்டி வெட்டிக் கடைசியில்
"போ" என்று வைத்தோம்.
கதையே திரும்பிப் போச்சு.
ஒருத்தரும் கேட்கவில்லை.

அயர்லாந்தில் ஏதோ துறைமுக ஊர்.
எந்நேரமும் மழை;
நம்மட மாரி போலக் கொட்டித் தீர்க்கிற மழை இல்லை,
கடன்காரன் வாசலில் நிற்கிற மாதிரி ஒன்று.
அதற்குள் அவ நேர்ஸ். பெயர் மொய்ரா.
பொய் சொல்லுமுன்
அரை மூச்சு எடுப்பா.
எழுதித் தந்த தாளில் அது இல்லை.
மூன்றாம் மாதம்தான் எனக்குப் பிடிபட்டது.
கண்ணாடிக்கு அப்பால் சவுண்ட் பார்க்கும் அஸ்வர்
சாப்பிட்டுக்கொண்டிருந்த ரோல்ஸை வைத்துவிட்டு
நிமிர்ந்து பார்த்தான்.

கல்லடிச் சந்தையில் வாய் திறக்கப் பயம்.
"சூரை என்ன விலை?"
அவ்வளவுதான்,
தராசை விட்டுவிடுவா பரிமளகாந்தி:
"அந்த டொக்டர நம்பாத கா,
அவன் ஆள் சரியில்ல."

கரண்ட் வெட்டின காலம்
அயல்சனம் படலையில் வந்து நிற்கும்,
நேற்று என்ன நடந்தது என்று.
மெழுகுதிரியைக் கையில் பிடித்தபடி
மொய்ராவாகவே சொன்னேன்.
நுளம்பு கடிக்கக் கடிக்கக் கேட்டார்கள்.

எட்டாம் வருஷம் ஒரு வெள்ளி
திரையில் வேறொருத்தி.
அதே சட்டை, அதே பெயர்,
அதே டொக்டரின் கழுத்தில் அதே கை.
ஓர்லா நாடகத்துக்குப் போய்விட்டாவாம்,
டப்ளினில், மேடைக்கு,
கால்வாசிச் சம்பளத்துக்கு.
"நீங்களே செய்யுங்க" என்றார் தயாரிப்பாளர்,
"முகம் மாறினா சனம் பொறுக்கும்.
குரல் மாறினாத்தான் கோல் எடுக்கும்."

புதியவ மூச்சு எடுப்பதில்லை.
கரண்ட் பில் கட்டுகிற மாதிரி
நேரே பொய் சொல்லுவா.
மூன்று தரம் நிறுத்தினார்கள்,
உதட்டுக்கு முந்தி என் சத்தம் வருகுதாம்.
நாலாம் தரம் நான் எடுக்கவில்லை.
சரி என்றார்கள்.

திரும்பி வரும் ரயிலில்
வெலிக்கந்தை தாண்டும் வரை
எடுத்து எடுத்துப் பார்த்தேன்.
முன் சீட்டுக்காரர் எழும்பி
ஆஸ்துமாவா என்று கேட்டு
ஜன்னலைத் திறந்துவிட்டார்.

ஆவணியில் நம்மட ஆட்கள்
டவுனில் நாடகம் போட்டார்கள்.
எனக்கு ஒரு தாய் வேஷம்.
மகனிடமிருந்து கடிதம் வந்தது என்று
பக்கத்து வீட்டுக்காரிக்குச் சொல்ல வேணும்.
வரவில்லை.
ஒத்திகையில் நான் ஒழுங்காகத்தான் சொன்னேன்.
அன்றைக்கு லைட் முகத்தில் விழ,
ஒரு முகமும் எனக்கு முன்னால் அசையவில்லை,
பொருத்த வேண்டிய உதடு இல்லை.
அந்த அரை மூச்சு
தானாக வந்தது.

பிளாஸ்டிக் கதிரைகள் கிறீச்சிடுவது நின்றது.
எங்கோ பின்வரிசையில்
ஒரு பொம்பிளை "ஐயோ" என்றா,
மெல்ல, தனக்குத்தான்.
கடிதம் வந்தது என்று சொன்னேன்.

வெளியில் செருப்புத் தேடுகையில்
பரிமளகாந்தி. கையில் மகளின் குடை.
"அந்தப் பழையவ எங்க போனா எண்டு
நானும் யோசிச்சன் கா" என்றா.
"இஞ்சயா வந்திருக்காய்?"

எட்டரைக்குப் பஸ் இல்லை.
பாலத்தால் நடந்தேன்.
அங்கே இப்போது பின்னேரம் நாலு மணி.
முகத்துக்கு இன்னும் பூசத் தொடங்கியிருக்க மாட்டா.