சில்லு

அர்த்தனாரி மேஸ்திரி கேட்டார்:
"ஜன்னல் சில்லுக்குக் கடப்பாவா, கருங்கல்லா?"
ஏற்காடு நாகலூரில் ஐப்பசி மழை.
தார்ப்பாய் சிமெண்டு மூட்டைக்கு மட்டும்.

எனக்கு அந்தச் சொல் வேறு வேலையில் பழக்கம்.
பூமிக்குள் உருகிய குழம்பு
மேலேற வழியில்லாமல்
இரண்டு படுகைகளின் நடுவே நுழைந்து
படுத்து, ஆறி, கல்லானால்
அது சில்.
பாடநூலில் கிடைப்பாறை.
கடல் தாண்டிய ஊரில் ஆதியில் அது
சுவருக்கடியில் கிடத்திய மரமாம்;
ஜன்னலுக்கு ஏறியது பிறகு,
பூமிக்குள் இறங்கியது அதற்கும் பிறகு.

சொன்னேன். ரசமட்டத்திலிருந்து கண்ணெடுக்காமல்
"படுத்தா சில்லு. நின்னா?" என்றார்.
"டைக்."
"அப்ப அது நிலைக்கால்."
பதினொரு வருடம் சேலத்தில் பாடம் எடுத்தும்
இத்தனை சுருக்கமாய் நான் சொன்னதில்லை.

கல்லை வெளிப்பக்கம் அரை விரல் சாய்த்து வைத்தார்.
மழை வரலாம், உள்ளே வரக்கூடாது.
பூமிக்கு அப்படி யாரும் சாய்த்துக் கொடுக்கவில்லை.
வந்தது
படுத்துக்கொண்டது.

கழிவுநீர்க் குழி தோண்டியபோது
நாலடி ஆழத்தில் ஒரு கறுப்புப் பட்டை.
செருப்பைக் கழற்றிப் போட்டுவிட்டு இறங்கினேன்,
சேற்றை வழித்து வழித்துப் பார்த்தேன்.
நிற்கிறது.
"நிலைக்கால்," என்றார் மேலேயிருந்து,
பீடியைப் பற்றவைத்தபடி.

சனிக்கிழமை கணக்குச் சீட்டு:
சில்லு நாலு.
கூலி தனி.
சில்லறைச் செலவு எண்ணூற்றுப் பத்து.
கையெழுத்துப் போடப்
புதுக் கல்லில் முழங்கை ஊன்றினேன்.
சில்லென்றிருந்தது.
அதை எந்தப் பத்தியில் எழுத?