மரக் குளிசை

சீட்டு எனக்கு விழுந்த மாதம்
மூன்று புகையடுப்புகளின் படத்தை
மேசையில் பரப்பி வைத்தேன்.
யூஜின் குனிந்து பார்த்தான்,
கையில் இன்னும் படகு எஞ்சினின் கறுப்பு.
"இந்தக் காசுக்கு நாலு பீப்பாய் வெட்டி
ஒட்டித் தருவன்.
புகை எண்டால் பக்கத்தில நிண்டு
கண்ணைக் கசக்க வேணும்."

யாருடைய கண்ணை என்று
நான் அப்போது கேட்கவில்லை.

மரத்தூளை அழுத்திச் செய்த துண்டுகள்,
சின்னிவிரல் நகத்தளவு.
பார்த்ததுமே பெயர் வைத்துவிட்டேன்: குளிசை.
பெட்டிக்குள் கொட்டி மூடினால்
அடியில் ஒரு திருகாணி சுழன்று சுழன்று
இத்தனை நொடிக்கு இத்தனை என்று
நெருப்புக்கு ஊட்டும்.
சேலைன் துளி எண்ணுகிறவளுக்கு
இதை யாரும் விளக்கத் தேவையில்லை.

முதலாவது பெரிது. அரைப்பன்றி கிடத்தலாம்.
வீட்டில் நாங்கள் மூன்று பேர்,
அதில் ஒருத்தி இனி இறைச்சி தொடமாட்டாளாம்,
போன வெள்ளி அறிவித்திருக்கிறாள்.
இரண்டாவது மலிவு. தகடு மெல்லிசு.
டைக் வீதிக் காற்றுக்கு
ஒரு மாரிதான் தாங்கும்;
எங்கள் யன்னல் கொளுக்கிகளைக் கேட்டுப் பார்.
மூன்றாவது துருவேறா உருக்கு,
கொழுப்பு வடிய ஒரு தட்டு,
இறைச்சிக்குள் குத்த ஒரு வெப்பமானி.
கொழும்புக் கடைக்காரர்
எதைக் கேட்டாலும் "ஓம் மிஸ்" என்றார்.
கடற்கரை வீட்டுக்கும் உத்தரவாதம் உண்டா என்றதும்
லைன் இரைந்தது.

யூஜின் துருப்பை இறக்கினான்:
"கரண்ட் போனால்?"
பிறகு இன்னொன்று:
"ஈரம் குடிச்சால் உன்ர குளிசை
திரும்ப மரத்தூள்தானே?"
இரண்டும் நியாயம்.
கட்டில் துண்டில் எழுதுவதுபோல் குறித்துக்கொண்டேன்.

பிறகுதான் வாய் திறந்தேன்.
பன்னிரண்டு வருடம், ஞாயிறு ஞாயிறாக
சிரட்டை அடுக்கி, ஊதி, தணல் கிளறி,
கொழுப்புச் சொட்டி எழும்பும் சுவாலைக்குத்
தண்ணீர் தெளித்தது யார்?
நீ ஐந்து மணிக்கு வருவாய்.
பாரையை ஒருக்காப் புரட்டுவாய்.
வந்த சனம் உன்ர கைப்பக்குவம் என்று
விரல் சூப்பும்.

அவன் படங்களை மறுபடி எடுத்தான்.
ஒவ்வொன்றாய், மெதுவாய்.
மூன்றாவதில் விரல் நின்றது;
ஒரு கறுப்புப் பொட்டு.
"கால் சரியில்லை. அதை மட்டும்
நான் மாத்தி ஒட்டுவன்."

லொறி ஹபரணை தாண்டித்
திருமலை வந்து சேர ஒன்பது நாள்.
குளிசைப் பைகளை
மூடி இறுகும் நீலப் பரலுக்குள் போட்டேன்,
அரிசிக்கும் இவ்வளவு மரியாதை கொடுத்ததில்லை.
சனி இரவு வார்ட்டில் ஒரு நிமிடம் இருக்கவில்லை.
ஞாயிறு காலை பன்றித் தோளில்
மிளகும் கொறுக்காயும் தேய்த்து உள்ளே வைத்து
வெப்பமானியைக் குத்தி, மூடி,
போய்ப் படுத்தேன்.
நான் நித்திரை, என் நெருப்பு விழிப்பு.
இப்படி ஒரு பகல் எனக்கு வாய்த்ததில்லை.

மின்விசிறி நின்ற அமைதியில் எழும்பினேன்.
மணி இரண்டு.
மொனிட்டர் அணைந்த கட்டிலுக்கு ஓடுவதுபோல்
வெறுங்காலோடு முற்றத்துக்கு ஓடினால்,
கேற்றுக்கு வெளியே இரண்டு மான்
யாரோ எறிந்த சோற்றுப் பார்சலின் வாழையிலையை
மென்றுகொண்டு வேடிக்கை பார்க்கின்றன.
உள்ளே
படகுப் பற்றரி, ஒரு இன்வேட்டர், சிவப்பு வயர்,
நடுவில் குந்தியிருக்கிறான் யூஜின்.
காற்றாடி நின்ற நேரம் அடைபட்ட புகையெல்லாம்
மூடி நீக்கலால் அவன் முகத்துக்கு.

திருகாணி ஒருதரம் இருமியது.
சுழன்றது.

"எத்தனை காட்டுது?" என்றேன்.
"அறுபத்தெட்டு."
"தொண்ணூறு தாண்ட வேணும்."
"தெரியும். நீ போய்ப் படு."

கண் இரண்டும் செம்பருத்தியாய்ச் சிவந்திருந்தது.
ஏன் என்று கேட்காமல்
போய்ப் படுத்தேன்.