அற்றுப்போதல்

சேரன்மகாதேவி கோர்ட்டுக்கு எதிரே
ஜெராக்ஸ் கடையில் எனக்கொரு நாற்காலி,
'ற' மட்டும் சரியாக அமுங்காத விசைப்பலகை.
எல்லா மனுவும் ஏற்கெனவே அடித்ததுதான்.
பேரை மாற்றுவேன், ஊரை மாற்றுவேன்,
தகப்பன் பேரை மறக்காமல் மாற்றுவேன்.
'கனம் கோர்ட்டார் அவர்கள் சமூகத்திற்கு'
என்ற வரியைத் தொடுவதில்லை.
மழைக்கு ஒழுகுகிற,
கழிப்பறைக்குப் பூட்டுப் போட்ட கட்டடத்துக்கு
ஓர் 'ஆர்', ஓர் 'அவர்கள்'.
சமூகம் என்றால் இங்கே ஊர்ச்சனம் இல்லை.
மேசைக்கு அந்தப் பக்கம்
ஒருத்தர் இருப்பது.

பேராச்சிக்கு இதெல்லாம் மனப்பாடம்.
கிணற்றில் அரைப்பங்கு, மோட்டாரில் முறை,
வடக்கு வரப்பில் நடக்க வழி என்று
பத்தொன்பது வருசத்துக்கு முன்னால் போட்ட பிராது.
வாதி அவள்.
பிரதிவாதி உச்சிமாகாளி, கூடப் பிறந்தவன்.

எட்டு நீதிபதிகளைப் பார்த்துவிட்டாள்.
முதல் ஆளை எசமான் என்றாள்.
வக்கீல் அதட்டிய பிறகு ஐயா.
தென்காசிக்கு மாறிப்போனவர்
இன்றுவரை 'அந்தத் தும்மல்காரர்'.
இப்போது இருப்பது ஒரு பெண்.
வக்கீல்கள் பழக்கத்தில் ஐயா என்று ஏறி
பாதியில் அம்மா என்று இறங்குகிறார்கள்.
பேராச்சி தடுமாறவில்லை:
"தாயி."
டவாலி முறைத்தாராம். நீதிபதி முறைக்கவில்லை.

கோர்ட்டு வார்த்தைகளைக் கொண்டுபோய்
வீட்டில் புழங்குகிறாள்.
மகள் நிச்சயதார்த்தம் ஆவணிக்கு வாய்தா.
ஐப்பசி மழை ஆஜராகலை, எக்ஸ்பார்ட்டி.
மருமகன் ஆகப்போகிறவன் கேட்ட புல்லட் வண்டி
தள்ளுபடி, செலவுத்தொகையோட.
பத்தமடை பஸ்ஸில் ஜன்னல் சீட்டுக்கு மல்லுக்கு நின்றவளிடம்
"ஒனக்கு அனுபோக பாத்தியதை உண்டாட்டீ?" என்றாளாம்.
அண்ணனுக்கும் பேரில்லாமல் போயிற்று.
"பிரதிவாதி எளைச்சுப் போயிருக்கான்.
பிரதிவாதி பொண்டாட்டிக்கு மஞ்சக்காமாலையாம்,
கீழாநெல்லி குடுத்து விடலாமா
வழக்குக்குப் பாதகமாயிருமா?"

தை கடைசியில் வந்தாள்.
கையில் வக்கீல் எழுதிய துண்டுச்சீட்டு:
பிரதிவாதி இறந்துவிட்டபடியால்
வாரிசுகளைச் சேர்க்க மனு.
அடித்து, எடுத்து, படித்துக் காட்டினேன்.
மனைவி. மூத்த மகன். இளைய மகன். மகள்.
நாலு கட்டமும் நிரம்பியிருந்தது.

"அவனுக்குப் பொறவு எங்க அம்மை வயித்துல
நான்தான கெடந்தேன்.
நான் இதுல எங்க வாரேன்?"
"நீங்க வாதில்லாக்கா."
"தங்கச்சின்னு ஒரு ஓரத்துல?"
"போட்டா திருப்பிருவாக."

கடைப் பையன் யாருக்கோ ஆதார் அட்டையை
முன்னும் பின்னும் நகலெடுத்துக்கொண்டிருந்தான்.

"இதைப் போடாட்டா என்ன செய்வாக?"
"தொண்ணூறு நாள் கணக்கு.
அதுக்குள்ள போடாட்டா அத்துப்போவும்."
"எது?"
வழக்கு என்றேன்.
சட்டத்தில் அப்படித்தான் எழுதியிருக்கிறது, அற்றுப்போகும் என்று.
எங்கள் பக்கம்
ஆட்டுக் கயிற்றுக்கும் அதுதான் சொல்,
புருசன் பெண்டாட்டிக்கும் அதுதான்.
அவள் கேட்டது எதை என்று
சொல்லி முடித்த பிறகுதான் யோசித்தேன்.

நாற்பது ரூபாயை எண்ணி வைத்தாள்.
தாளை எடுக்கவில்லை.
"கெடக்கட்டும்," என்றாள், "வாய்தா."

இன்றைக்கு எண்பத்தாறு.
அவள் வக்கீல் இரண்டு முறை போன் செய்துவிட்டார்.
டிராயரைத் திறந்து தாளைப் பார்த்தேன்.
உறவுமுறை என்ற தலைப்பில்
இரண்டு 'ற'வும் விழவில்லை.
படித்துக் காட்டும்போது கண் கண்டிருக்கும்,
வாய் சரியாகச் சொல்லியிருக்கும்.

ஓங்கிக் குத்தித் திருத்தி
வேறு தாள் எடுத்து வைத்திருக்கிறேன்.
எதிரே டவாலி மூன்று தரம் கூப்பிடுகிறார்,
வேறு யார் பேரையோ.