நாற்பதாவது மீட்டர்

முஸம்மில் கண்ணாடிப் பெட்டிக்கு மேல்
மூன்று நூல்களை எடுத்து வைத்தான்.
நைலோன் இழுபடும்,
மீனுக்கும் உங்களுக்கும் யோசிக்கக் கொஞ்சம் நேரம் தரும்.
ஃபுளோரோ தண்ணிக்குள் இல்லாத மாதிரி இருக்கும்,
ஆனால் சுருண்டு படுத்த வடிவத்தை லேசில் மறக்காது.
பின்னல் நூல் இழுபடவே இழுபடாது, அக்கா.
அடியில் ஒரு நண்டு பக்கம் மாறிப் படுத்தாலும்
விரலுக்குத் தெரியும்.

எனக்கு அதுதான்.
எட்டிழை, முப்பது இறாத்தல், பாசிப்பச்சை,
நூற்றைம்பது மீட்டர்.
விலையைச் சொன்னபோது மட்டும்
நான் கொஞ்சம் இழுபட்டேன்.

ரீல் கட்டாரிலிருந்து வந்தது,
சவர்க்காரக் கட்டிகளுக்கு நடுவில்.
"நான் வரும்வரைக்கும் பிரிக்காதே" என்று
பெட்டியில் எழுதியிருந்தான் நிமலரூபன்.
கைபிடி வலப்பக்கம்.
அவன் எறிந்தால் எறிந்த கையை மாற்றவேண்டும்.
இடதுகைக்காரிக்கு
மாற்ற ஒன்றுமில்லை.
பிரித்தேன்.

வெறும் உருளையில் பின்னல் நூல் பிடிக்காது.
வெளியே எல்லாம் இறுக்கமாய்த் தெரியும்,
பெரிய மீன் இழுக்கும்போது
மொத்தச் சுற்றும் சேர்ந்து வழுக்கும்.
அதனால் அடியில் பழைய நைலோன் பன்னிரண்டு சுற்று,
அதன் முனையில் இது.
முடிச்சை எச்சிலால் நனைத்து இழுத்தேன்.

ஆஸ்பத்திரி லேப் பென்சிலில் நூற்கட்டையைக் கோத்து
இரண்டு பாதங்களுக்கும் நடுவில் பிடித்தேன்.
ஈரத்துணிக்குள்ளால் நூல் வந்தது.
வலக்கை கேட்கும்,
இடக்கை சும்மா கொடுக்காது.
வேலை அவ்வளவுதான்.

விளிம்புக்கு நாலு மில்லிமீட்டர் இருக்க
ஃபோன் அடித்தது.
தோளுக்கும் காதுக்கும் நடுவில் வைத்தேன்.
"கொன்ட்ராக்டை இன்னும் ரெண்டு வருசத்துக்கு நீட்டுறாங்கள்.
சம்பளமும் கூட.
என்ன சொல்றாய்?"
சரி என்றேன்.
குரலில் ஒரு பிசிறும் இல்லை.
மழையா அங்கே என்றான்.
இல்லை என்றேன்.
கை பாட்டுக்குச் சுற்றிக்கொண்டிருந்தது.

ஞாயிறு பின்னேரம்
உட்துறைமுக வீதிக் கரை.
குப்பைத் தொட்டிக்குள் தலையை விட்டு
லஞ்ச் ஷீட் தின்றது ஒரு புள்ளிமான்.
கச்சான் முகத்துக்கு நேரே.

மூன்று எறி, சின்னச் சின்னதாய்,
பெருவிரலுக்கு உருளையைப் பழக்க.
நாலாவதை முழுத்தோளால் எறிந்தேன்.
கரண்டி வெயிலில் பளபளத்துப் போனது,
போனது,
ஆகாயத்தில் யாரோ கூப்பிட்ட மாதிரி நின்று
பொத்தென்று விழுந்தது.
ரீலுக்குள் காகக்கூடு.

"எதிர்க்காத்து, அக்கா" என்றான் ரெஜினோல்ட்,
பாரைக்கு நிற்கிறவன்.
"பிரேக்கைக் கொஞ்சம் கூட்டுங்கோ."
தலையாட்டினேன்.

ஊசியால் ஒவ்வொரு வளையமாய் நிமிண்டினேன்.
மேலே கிடந்தது இறுக்கம்.
அடியில் முட்டையோடு மாதிரி இறுக்கம்.
நடுவில், நாற்பதாவது மீட்டர் மட்டில்,
ஒரு பதினெட்டுச் சுற்று
நகம் பட்டாலே நகர்ந்தன.
எனக்குத் தெரியும் அந்த இடம்.
பதினெட்டுச் சுற்றில் அவன் கேட்டும் முடித்துவிட்டான்,
நான் சொல்லியும் முடித்துவிட்டேன்.
காதில் விழாதது
நூலில் கிடந்தது.

வெட்டினால் சுலபம் என்றான் ரெஜினோல்ட்.
கத்தரிக்கோலையும் நீட்டினான்.
வெட்டவில்லை.

முனையை விளக்குக் கம்பத்தில் கட்டிவிட்டு
கரையோரமாய்ப் பின்னுக்கு நடந்தேன்,
தளர்ந்த இடம் கழிந்து,
இறுகிய இடம் வரும்வரை.
ஐஸ்கிரீம்காரன் சைக்கிளை நிறுத்தி
நூலைத் தூக்கிப் பிடித்துக் குனிந்து போனான்.
ஒரு பிள்ளை தாண்டிப் பாய்ந்தது,
திரும்பவும் பாய்ந்தது.

பிறகு உடம்பைப் பின்னுக்குச் சாய்த்து,
நூலை விரலுக்குள் நெரித்து,
கம்பத்தை நோக்கி
சுற்றிச் சுற்றி வந்தேன்.

பைக்குள் ஃபோன் அதிர்ந்தது.
கட்டாரில் இது சாப்பாட்டுக்குப் பிந்திய நேரம்.
இரண்டு கையும் வேலையில்.
கம்பத்துக்கு இன்னும்
முப்பது மீட்டர்.