ரசமட்டம்

மின்விசிறிக்குக் கீழே நின்றும் வியர்த்துக்கொண்டிருந்த
மேட்டுப்பாளையத்துக் கடைப்பையன் கேட்டான்:
வீட்டுக்கா மேடம், ஆபீசுக்கா?
வீடுதான் ஆபீஸ் என்றேன்.
அப்ப இதுதான் என்று
வலைமுதுகு நாற்காலியை ஒரு சுற்றுச் சுழற்றிவிட்டான்.
முதுகுக்குக் காத்து வரும், பாருங்க.

கோத்தகிரியில் மார்கழிக் காற்று
கேட்காமலே வரும்,
கதவிடுக்கில், ஓட்டிடுக்கில், காலுறைக்குள்.
அதைக் காசு கொடுத்து வாங்குவதா?
ஆனால் ரெக்சினுக்கு மூன்றே மழையில் பூஞ்சை பிடிக்கும்.
பழையதற்குப் பிடித்தது.
துடைத்தால் போகும். வாடை போகாது.

அஞ்சு நிமிஷம் உக்காந்து பாருங்க என்றான்.
நாற்பது நிமிடம் உட்கார்ந்தேன்.
நடுவில் கரண்ட் போய் வந்தது.
அமெரிக்க ஆஸ்பத்திரி பில்களில்
ஒவ்வொரு முறிவுக்கும் தேய்வுக்கும்
ராத்திரி முழுக்க எண் போடுகிறவள் நான்.
இடுப்பின் நாலாவது ஐந்தாவது எலும்புக்கு
என்ன எண் என்று தூக்கத்தில் கேட்டாலும் சொல்வேன்.
எனக்கே வலித்தபோது
வாயில் எண் வரவில்லை, அம்மா என்றுதான் வந்தது.

வலைமுதுகையே வாங்கினேன், நெம்புகோலுக்காக.
வீட்டில் இருக்கிறது இரண்டு பேர்:
நான் நாலடி பதினோரு அங்குலம்,
நாத்தனார் கிறிஸ்டில்டா ஐந்தடி ஒன்பது.
ராத்திரி எனக்கு, பகல் அவளுக்கு.
நாற்காலி ஒன்றுதான் கட்டுப்படியாகும்.

பஸ்ஸில் நடத்துனர் அதற்கும் ஒரு டிக்கெட் கிழித்தார்.
வளைவுக்கு வளைவு அது உருள,
ஆளாளுக்குக் கால் நீட்டித் தடுத்தார்கள்.
குஞ்சப்பனையில் ஏறிய அம்மா ஒருத்தர்
யாரையும் கேட்காமல் அதில் உட்கார்ந்து
மடியில் பையோடு
மகாராணி மாதிரி மலையேறினார்.
ரோட்டிலிருந்து வீட்டுக்கு அறுபத்திரண்டு படி இறக்கம்.
தலைகீழாகத் தலையில் வைத்து இறக்கினேன்,
ஐந்து சக்கரமும் மூடுபனியில் சுற்ற.

மேசை வேறு கதை.
ஒட்டுப்பலகை இங்கே ஈரம் குடித்து
டீயில் போட்ட ரஸ்க் மாதிரி ஓரம் ஊதும்.
சில்வர் ஓக் பலகை ஒன்று,
கீழே இரும்புக் கால்கள்.
வெல்டிங் போஜன் ரசமட்டத்தைத் தரையில் வைத்தார்.
குமிழி ஒரு மூலைக்கு ஓடி அங்கேயே நின்றது.
சரிவுல கட்டின வீடு, என்ன பண்றது என்று
ஜன்னல் பக்கத்துக் காலை மட்டும்
ஒன்றரை அங்குலம் நீட்டி வைத்தார்.
மேசை நேராகிவிட்டது. தரை ஆகவில்லை.
எழுந்து தண்ணீர் குடித்து வந்தால்
நாற்காலி ஜன்னலோரம் போய் நின்றிருக்கும்,
வெளியே பார்ப்பதுபோல்.

கிறிஸ்டில்டா கணவனை விட்டு வந்து ஒன்பது மாதம்.
எங்களுக்குள் பேச்சு
உப்பு, கேஸ், கரண்ட் பில்.
அவள் தம்பி துபாயிலிருந்து கூப்பிட்டால்
போனைக் கைமாற்றிக்கொள்வோம்.
மற்றபடி
ராத்திரி எட்டரைக்கு நான் அவள் உயரத்தில் ஏறி உட்கார்ந்து,
கால் அந்தரத்தில் ஆட,
உஸ்ஸென்று இறங்குவேன்.
காலை ஆறுக்கு அவள் அதை ஏற்றும் சத்தம்
போர்வைக்குள் எனக்குக் கேட்கும்.

நேற்று வந்தபோது
நாற்காலி தாழ்ந்தே இருந்தது.
வலைமுதுகின் மேல் அவளுடைய பழுப்புச் சால்வை.
அவள் அடுப்படியில் முதுகைக் காட்டியபடி
பீன்ஸ் நறுக்கிக்கொண்டிருந்தாள்.

அந்த நாற்காலி சும்மா இழுத்தால் இறங்காது.
மேலே ஆள் எடை வேண்டும்.
அப்படியென்றால்
அந்த நெட்டைக் கால்கள் மடங்கி
முட்டி நெஞ்சுக்கு வர,
என் உயரத்தில் அவள்
கொஞ்ச நேரமாவது உட்கார்ந்திருக்கிறாள்.

கணக்கில் ஒரு விரற்கடை பிசகு.
நுனிக்கால்தான் தரையில் பட்டது.
நெம்புகோலைத் தொடவில்லை.
அப்படியே உட்கார்ந்து
முதல் பில்லைத் திறந்தேன்.